கத்திக்கல்லில் தீட்டிய பேனா

கடைக்கார ஸஹாப்தீன் முதலாளிக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது பதினோராயிரத்து நானூற்று முப்பது ரூபாய். தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைக்கு வாங்கிய தகரமும், மழை மாதத்தில் வாங்கித் தின்ற அரிசியும் மாவும் சேர்ந்த கணக்கு அது. மழை பெய்தால் இறப்பர் மரத்துப் பட்டை நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குச் சம்பளமும் இல்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. மகள் நுஸ்ஹாவின் கல்யாணம் நெருங்கியிருந்தது. "இந்த மாசத்துக்குள்ள கணக்க முடிச்சுத் தாங்க புஷ்பம், எனக்கும் செலவு ஈக்கி" என்று சொல்லியனுப்பினார்.

என் வீட்டுக்காரர் கன்னையாவுக்கு ஒரே வழிதான் தெரிந்தது.

"ஆட்டக் குடுத்திருவோம். ஞாயித்துக்கெழம மாவனல்லையில இருந்து யாவாரி வாறான்."

"சினை ஆட்டையா?"

"சினைன்னா கூடவா குடுக்கப் போறான்? ஒண்ணு மொதலாளிகிட்ட தவணை கேளு, இல்லாட்டி ஆட்டப் புடிச்சுக் கட்டு."

குட்டியாக வாங்கி, வேலை முடிந்து வரும்போதெல்லாம் புல் அறுத்துச் சுமந்து நான் வளர்த்த ஆடு. முதல் ஈற்று. கொடுக்க மனமில்லை. ஆனால் கடையில் நாலு பேர் நிற்கும்போது தவணை கேட்க எனக்கு வாய் வராது. எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எழுத்து எனக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் வந்தது. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் மாலை நேரம் நடந்த வகுப்பில் படித்தேன். எழுத்தெல்லாம் தெரியும், கைதான் ஒத்துழைக்காது. குமிழ்முனைப் பேனாவை அழுத்தினால்தான் எழுதும். பால்வெட்டுக் கத்தி பிடித்துப் பிடித்து என் விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. இரண்டு வரிக்குள் கை இழுத்துக்கொண்டது, தாளும் கிழிந்தது.

அப்போதுதான் அலமாரிக்கு மேலே பிஸ்கட் டின்னுக்குள் போட்ட மைப்பேனா நினைவுக்கு வந்தது. வகுப்பு முடிந்த அன்று ஆசைப்பட்டு புளத்கொகுபிட்டிய நடைபாதைக் கடையில் வாங்கியது. பச்சை பிளாஸ்டிக், மூடி மட்டும் பொன்னிறம், நூற்றிருபது ரூபாய். பஸ்ஸில் வரும்போதே மை கசிந்து சட்டையெல்லாம் நீலம். "பேனா பால் வடிக்குதுடி, செரட்டய வச்சுப் புடி" என்று கன்னையா சிரித்த சிரிப்பில் அதை டின்னுக்குள் போட்டவள், அதற்குப் பிறகு தொடவே இல்லை.

எடுத்துப் பார்த்தேன். உள்ளே மை காய்ந்து கல்லாகியிருந்தது. வாளியில் பால் உறையாமல் இருக்க நாங்கள் அமோனியாத் தண்ணீர் ஊற்றுவோம். பாலை உறையவிடாதது மையைக் கரைக்காதா என்று, ஒரு சிரட்டைத் தண்ணீரில் அதைக் கொஞ்சம் விட்டுப் பேனாவைக் கழற்றிப் போட்டேன். விடியும்போது சிரட்டை முழுக்க நீலமாக இருந்தது.

புத்தகக் கடையில் தூசி படிந்து கிடந்த ஒரு மைக்குப்பி கிடைத்தது. ஊற்றி எழுதினேன். மை இறங்கியது, ஆனால் முனை பறண்டியது. மழுங்கிவிட்டது என்று நினைத்தேன். மழுங்கினால் தீட்ட வேண்டும், வேறென்ன? கத்தி தீட்டும் கல்லை எடுத்து வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

கன்னையா எட்டிப் பார்த்தார்.

"என்னாடி, பேனாவுக்குச் சாணை புடிக்கிற? நாளைக்கி அதக் கொண்டு போயி மரத்துல வெட்டுவ போல."

"வெட்டுனா பாலுக்குப் பதிலா மை வரும். நீங்க வாளியத் தூக்கிக்கிட்டு வாங்க."

தீட்டியதும் தாள் சர்ரென்று கிழிந்தது. முனையைத் திருப்பிப் பார்த்தேன். உளி மாதிரி சப்பையாகி, ஓரம் கூராக நின்றது. நூற்றிருபது ரூபாயையும் நானே கெடுத்தேனே என்று என்னையே ஏசிக்கொண்டேன். பிறகு கல்லின் வழவழப்பான பக்கத்தை நனைத்து, அந்தக் கூர் ஓரத்தை மட்டும் மெல்ல மெல்லத் தேய்த்து எடுத்தேன். இது வெட்ட வேண்டிய சாமான் இல்லை, வழுக்கினால் போதும்.

மறுபடி மை ஊற்றி, கத்தி பிடிக்கிற மாதிரியே சாய்த்துப் பிடித்தேன். பால்வெட்டில் அழுத்தக் கூடாது. அழுத்தினால் பட்டை தாண்டிக் கட்டையில் காயம் படும், கங்காணி ஏசுவார். அந்தக் கை எனக்குப் பழகிய கை. பேனா தானாகவே போனது. மேலிருந்து கீழே இழுத்தால் கோடு தடித்தது, பக்கவாட்டில் போனால் மெலிந்தது. 'பு' என்று எழுதினேன். கோயில் பலகையில் எழுதிய எழுத்து மாதிரி நின்றது. என் பேரை முழுதாக எழுதினேன். பக்கம் நிறையும்வரை எழுதினேன். விரல் வலிக்கவே இல்லை.

"இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன். கன்னையாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தாளை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "அச்சடிச்ச மாதிரிதான் இருக்கு" என்றார்.

முதலாளிக்கு எழுதியது மூன்றே வரி. கடையில் கொடுத்துவிட்டு அரிசி மூட்டைப் பக்கம் ஒதுங்கி நின்றேன். அவர் வாசித்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்ப வாசித்தார்.

"தவணை கெடக்கட்டும். இத யாரு எழுதினது?"

"நான்தாங்க மொதலாளி."

"நீங்களா? பொய் செல்லாம செல்லுங்க."

பையிலிருந்து பேனாவை எடுத்து, பில் புத்தகத்தின் பின்பக்கம் நுஸ்ஹாவின் பேரை எழுதினேன். வகுப்பில் 'ஸ', 'ஹ' எல்லாம் ஓட்டமாகச் சொல்லிக் கொடுத்த எழுத்துகள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். உள்ளேயிருந்து வந்து பார்த்த நுஸ்ஹா அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வாப்பா, கார்ட் உறையெல்லாம் இவங்களுக்கிட்டயே குடுங்களே. நான் படிச்சது சிங்களத்துல. நான் தமிழ்ல பேர் எழுதினா, வாசிச்சுக் காட்டச் சொல்லி எல்லாரும் எனக்கிட்டயே கொண்டு வருவாங்க."

முதலாளி யோசித்தார். "முந்நூறு உறை ஈக்கி. ஒண்டுக்கு இருவது தாறேன்."

"நாப்பதுங்க மொதலாளி."

"நாப்பதா? தகரத்துக்கு நான் இப்படியா வெல சென்னேன்?"

"சொன்னீங்க மொதலாளி."

நுஸ்ஹா சிரித்துவிட்டாள். முதலாளிக்கும் சிரிப்பு வந்தது. "சரி, நாப்பது. கணக்குல கழிப்போம்."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டு வியாபாரி கயிற்றோடு வந்து நின்றான். கன்னையா என்னைப் பார்த்தார். வாசல் பாயில் பரப்பிய உறைகளில் மை காய்ந்துகொண்டிருந்தது. நான் தலையை நிமிர்த்தாமலே "ஆடு குடுக்கிற மாதிரி இல்ல" என்றேன். அவன் விலையை ஏற்றினான். கன்னையாவே "அதான் சொல்லிட்டாள்ல, போயிட்டு வாங்க" என்றார்.

ஒரு கிழமை, ஏழு நாளும், வெட்டு முடிந்து வந்து குளித்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். அக்குரணை ஹாஜியார், நிவித்திகல மாமா, ஜஸீல் குடும்பம் என்று ஊர் ஊராகப் பேர்கள். கன்னையா ஒவ்வொன்றாக எடுத்து ஊதி அடுக்கினார்.

கடையில் முதலாளி நாலைந்து உறையைப் புரட்டினார், தன் மனைவி ஸுபைதா அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என் கணக்குப் பக்கத்தைத் திறந்து குறுக்கே கோடு இழுத்தார்.

"பன்னெண்டாயிரம். ஒங்கட கடன் போக ஐந்நூத்தி எழுவது நான் ஒங்களுக்குத் தரோணும். அரிசியாப் போடவா?"

"வேணாம் மொதலாளி" என்றேன். "கையில குடுங்க."

கொடுத்தார். கடையில் நின்ற நாலு பேருக்கு முன்னால் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.