பெரட்டுல நின்ன பட்டாளம்

"செத்தவங்களுக்கு வேல குடுத்தது நீங்கதானே கங்காணி? பொழுது சாஞ்சிருச்சு, அனுப்பி விடுங்க!"

"ஏ வேலாயி, பனிமூட்டத்துல எனக்கு மொகமா தெரிஞ்சிச்சு? பக்கத்து லயத்து வீட்டு ஆளுகன்னு நெனச்சேன். இப்ப நான் சொன்னா போக மாட்டேங்கிறாங்களே!"

கொழுந்து நிறுக்கிற எடத்துல இந்தச் சண்ட. 1956 மார்கழில, ராகலைக்கு மேல இருக்கிற தேயிலைத் தோட்டத்துல, செத்துப்போன பிரெஞ்சு சிப்பாய்ங்க காலைல ஆள் எண்ணி வேல பிரிக்கிற பெரட்டுக்கு வந்து நின்னாங்க.

அவங்க ஜெனரல் மொன்வாலோட ஆளுங்க. ரொட்டிக்கடைக்காரர் மகன் அவரு. பதினெட்டு வயசுல பட்டாளத்துல சேந்து, மொத உலகச் சண்டையில சேத்துல கெடந்து, ரெண்டாவதுல ஒரு காத விட்டுட்டு, புதுச்சேரில இருந்தப்போ தமிழ் கத்துக்கிட்டு, கடைசியா வியட்நாமுல ஒரு மலையத் தோத்துட்டு, சிநேகிதரான தோட்டத்துத் தொரையோட பங்களாவுக்கு வந்துட்டாரு. அவர் கட்டளைக்குச் செத்தவங்க எந்த ஊருக்கும் பின்னாலேயே வந்து வாசல்ல நிப்பாங்க. முன்னேறுன்னவரு போதும்னு சொல்லவே இல்லியே. அவரும் தூங்கி வருசக்கணக்கா ஆச்சு.

அன்னிக்கு வேலைக்குக் கூப்புடுற தப்பு மேளச் சத்தம் கேட்டதும் பட்டாளம் எறங்கிவந்து வரிசையில நின்னுச்சு. பொன்னையா கங்காணி வழக்கம்போல ஆளப் பிரிச்சு மலைக்கு அனுப்பிட்டாரு. வெயில் வந்தப்பறந்தான் குண்டுக்காயம் தெரிஞ்சுது. வேல குடுத்த ஆள பாதியில திருப்புற வழக்கம் அங்க இல்ல. பொம்பளைங்க கொழுந்தெடுக்கக் காட்டிக் குடுத்தாங்க. அவங்க தொட்ட செடியில பனி உறைஞ்சுது, மத்தபடி நல்ல வேல.

சாயந்தரம் கொழுந்து நிறுத்து முடிஞ்சும் யாரும் அசையல. ஜெனரல் வந்தாரு. "வீட்டுக்குன்னு எப்படிச் சொல்வேன்? போக விடாமப் பண்ணதே நான்தானே"ன்னு அழுதாரு.

"நாப்பத்தெட்டுல குடியுரிமையப் பறிச்சதுலருந்து எங்களுக்குத்தான் எந்த நாடுன்னே தெரியல தொர. இந்தப் புள்ளைங்களுக்கு வீடாவது தெரியும்ல? சொல்லி விடுங்க"ன்னுச்சு வேலாயி.

அவரு கண்ணத் தொடச்சிட்டு, கங்காணி தெனம் சொல்ற மாதிரியே சொன்னாரு: "வேல முடிஞ்சிச்சு. வீட்டுக்குப் போங்கய்யா."

கூடைய எறக்கி வச்சிட்டு, சிரிச்சிக்கிட்டே வலப்பனைப் பக்கமா எறங்கிப் போனாங்க. ஜெனரல் தைப்பொங்கல் வரைக்கும் தூங்கினாரு. அந்த மாசத்துத் தேயிலையில சுட்ட ரொட்டி வாசம் அடிச்சுது, வெல கொஞ்சம் கூடக் கெடச்சுது. அப்பறம் அறுபத்திநாலுல அவரு கண்ண மூடுற வரைக்கும், சாயந்தரம் அவரு வந்து "வீட்டுக்குப் போங்க"ன்னு சொன்னாத்தான் தோட்டத்துல வேல விடும். கங்காணிகூட காத்துக்கிட்டு நிப்பாரு.

அந்தப் பட்டாளம் உங்க தோட்டத்து வழியா போயிருந்தா, வீடு போய்ச் சேந்தாங்களான்னு தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு பதில் போடுங்க.