ஷிப்டு முடிந்ததும் காற்று

எங்கள் வீட்டுக்காரர் காலித்துக்கு மரம் அறுக்கும் மிஷின் மேல் வந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். சிப்காட் கம்பெனியில் மெஷின் ஷாப்பிலேயே ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்ற மனுஷன். அதற்குப் பிறகு எங்கள் மூக்கண்டப்பள்ளி வீட்டுக்குள் அறை அறையாக நடந்துகொண்டே இருந்தார். நான் வெங்காயம் நறுக்கும் விதத்தில் குறை கண்டுபிடித்த அன்றைக்கு, ஏதாவது ஒரு மிஷினை வாங்கிக்கொண்டு ஷெட்டோடு இருங்கள் என்று நானேதான் கத்தினேன். கார் இல்லாத கார் ஷெட்டில் ரம்ப மேஜை வந்து உட்கார்ந்தது அப்படித்தான்.

மனுஷன் பழையபடி ஆகிவிட்டார். காலையில் சட்டைப் பையில் பென்சிலோடு ஷெட்டுக்குப் போவார், சாயங்காலம் பசியோடு வருவார். எனக்குத்தான் மூச்சிரைப்பு வந்தது. மரத்தூள் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் ஆஃப்ஷீன் அதைக் கேட்டு நேரில் வந்து நின்றாள்.

"ஒண்ணு மிஷின் போகணும், இல்லேன்னா அம்மா என்கூட வரணும். நீங்களே சொல்லுங்க அத்தா."

அவர் தூளோடு சண்டைக்குப் போனார். முதலில் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார். பிறகு வீட்டு வேக்கம் கிளீனரின் குழாயை ரம்பத்துக்குக் கீழே சொருகினார். அதன் ஃபில்டர் அரை நாளில் அடைத்துக்கொண்டது. பிறகு அந்தக் குழாய்க்கு நடுவே ஒரு பெயிண்ட் பக்கெட் வைத்து, அதன் மூடியில் துளை போட்டு, வளைந்த பி.வி.சி. எல்போ வைத்து, காற்று உள்ளேயே சுற்றும்படி செய்தார். தூள் சுற்றிச் சுற்றி பக்கெட்டின் அடியில் விழுந்தது, காற்று மட்டும் வேக்கத்துக்குப் போனது. மேஜைக்குக் கீழே இருந்த திறப்பையெல்லாம் பிளைவுட் வைத்து மூடி டேப் ஒட்டினார். பக்கெட் நிறைய மாமரத் தூளைக் கொண்டுவந்து பிரியாணி அண்டாவைக் காட்டுகிற மாதிரி என்னிடம் காட்டினார். அப்படியும் ராத்திரியானால் என் நெஞ்சு பூனை போலக் கத்தியது.

இதற்கு நடுவில் எனக்கென்று ஒரு சந்தோஷம் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் அவர் கம்ப்ரஸரைப் போட்டு, ஏர் கன் எடுத்து, மிஷினின் மூலை முடுக்கெல்லாம் காற்றடிப்பார். ஷிப்டு முடிந்தால் மிஷினைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்பது கம்பெனிப் பழக்கம். அந்த 'ஸ்ஸ்ஸ்' கேட்டதும் டீ டம்ளரோடு ஷெட்டுக்குப் போய் நிற்பேன். டீ ஒரு சாக்குத்தான்.

கல்யாணத்துக்கு முன்பு அதே கம்பெனியில் நான் பேக்கிங்கில் இருந்தேன். தெர்மாகோல் துணுக்குகள் நாங்கள் போட்டிருக்கும் நீல யூனிஃபார்ம் கோட்டில் ஒட்டிக்கொள்ளும். தட்டினால் கைக்குத் தாவும், கையிலிருந்து முக்காட்டுக்குத் தாவும். அதனால் ஷிப்டு முடிந்ததும் பேக்கிங் பெண்கள் எல்லோரும் மெஷின் ஷாப் வாசலில் காற்றுக்கு வரிசையில் நிற்போம். ஆள் மேல் காற்றடிக்கக் கூடாது என்று போர்டே வைத்திருந்தார்கள். அந்தப் போர்டுக்குக் கீழேதான் காலித் ஏர் கன்னோடு நிற்பார். மற்றவர்களுக்குச் சும்மா ஒரு ஊதல். எனக்கு மட்டும் அழுத்தத்தைக் குறைத்துவைத்து, கை, தோள், முதுகு என்று நிதானமாக அடிப்பார். "திரும்புங்க." அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான், ரொம்ப நாளைக்கு ஒரே வார்த்தையும் அதுதான். என் தோழி மேகலா, இவளுக்கு மட்டும் எத்தனை தெர்மாகோல் ஒட்டுது பாரு என்பாள். அவள் சொன்னது நியாயம்தான். நான் வேண்டுமென்றே ஒட்டவைத்துக்கொண்டு போவேன்.

கடைசியில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு, மிஷினை விற்றுவிட முடிவு செய்தார். பேரிகை ஊரிலிருந்து முனிவேல் என்கிற ஆசாரி மிஷினைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பலகைகளை அறுத்துப் பார்த்து, துளிகூடத் தூள் பறக்கவில்லையே என்று அசந்துபோனார். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு இருமல் இல்லை. எனக்கே வேடிக்கையாக இருந்தது.

நாளைக்கு வண்டி கொண்டுவருவதாக முனிவேல் சொன்னார். அவர் கொண்டுபோகிற மிஷின் சுத்தமாக இருக்க வேண்டும் என்று காலித் கம்ப்ரஸரைப் போட்டார். கடைசித் தடவை. எனக்குத் தொண்டை அடைத்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன்.

தகரக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் ஒரு கோடாக இறங்கியிருந்தது. சற்று முன்பு வரை வெறும் வெளிச்சமாக இருந்த அந்தக் கோட்டுக்குள், காற்றடித்ததும் மாவு போலத் தூள் கொதித்தது. மேஜை இடுக்கிலும் ரம்பத்தின் அடியிலும் மிச்சமிருந்த நைசான தூள் மொத்தமும் கிளம்பி, நேராக என் முகத்துக்கு வந்தது. தினமும் இதற்குள்தானே ஆசையாசையாக வந்து நின்றிருக்கிறேன்.

வாயைத் திறந்தாலும் அந்தச் சத்தம் இனி இந்த வீட்டில் கேட்காது என்று தெரியும். திறக்காவிட்டால் நாளைக்கு அதோடு மிஷினும் சேர்ந்து போய்விடும். இருமலுக்கு நடுவே சொன்னேன்.

"மிஷின் மேல தப்பில்லீங்க. இந்தக் காத்துதான்."

அவர் வெயில் கோட்டைப் பார்த்தார், கையிலிருந்த ஏர் கன்னைப் பார்த்தார். பொசுக்கென்று அதைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டார். தூள் பிடிக்க அத்தனை பாடுபட்டுவிட்டு, பிடிபடாததைத் தானே ஊதி எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். முனிவேல் சிரித்துக்கொண்டே, வண்டி வேண்டாமா அண்ணே என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு அவர் வேக்கம் குழாயின் முனையில் பிரஷ் மாட்டி மிஷினைத் துடைத்து எடுக்கிறார். ஷெட்டுக்குள் நான் போவதில்லை. டீ குடிக்க அவர்தான் வாசலுக்கு வருகிறார். ராத்திரியில் என் நெஞ்சு சத்தம் போடுவது நின்றது. ஆஃப்ஷீன் போனில் சந்தோஷப்பட்டாள். நானும் சந்தோஷப்பட்டேன், ஆனால் சாயங்காலம் ஆனால் காது மட்டும் எதையோ தேடிக்கொண்டு கிடந்தது.

ஒரு நாள் வாசலில் டீயைக் கொடுத்துவிட்டு அவரிடம் சொல்லியே விட்டேன்.

"அந்தச் சத்தம் இல்லாம என்னமோ மாதிரி இருக்குதுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கட்டின நாளிலிருந்து என்னை வா, போ என்றே கூப்பிடுகிற மனுஷன், உதட்டைக் குவித்து என் தோளில் மெதுவாக ஊதினார். என் மேல் ஒரு தூசும் இல்லை.

"திரும்புங்க," என்றார்.

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. இருக்கட்டும் என்று திரும்பினேன்.