விரல் பட்ட இடம்

எங்கள் மீன் பண்ணையில் என்னை மின்னல் என்றால்தான் தெரியும். அளவு பார்த்து மீன் பிரிக்கிற நாளில் மணிக்கு அறுநூறு மீனைப் பிரித்துப் போடுவேன். மற்றவர்கள் முந்நூறைத் தொடுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் நான்காம் தொட்டியில் இருந்த நூற்றிருபது தாய் மீன்களுக்கும் தோலில் புண் வந்தது. புண்ணின் மேல் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைப் பூஞ்சை. மற்றத் தொட்டிகளுக்கும் பரவிவிடும் என்று பயந்து, அத்தனையையும் கொன்று புதைக்கச் சொன்னார் முதலாளி. குஞ்சிலிருந்து நான் வளர்த்த மீன்கள். கையில் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, டாக்டர் வந்து பார்க்கும்வரை பொறுக்கச் சொன்னேன்.

வந்த மீன் டாக்டர் என் தங்கை. ரப்பர் பூட்ஸைக் கிருமிநாசினியில் நனைத்துவிட்டு அவள் உள்ளே நுழைய, முதலாளியே "வாங்க மேடம்" என்று எழுந்து நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்றவனிடம், "என் தங்கச்சி" என்று மூன்று தடவை சொன்னேன்.

அவள் தண்ணீரைச் சோதித்தாள். குறையில்லை. பிறகு நாலைந்து மீன்களை ஒவ்வொன்றாக நீரோடு சேர்த்துக் கண்ணாடிப் பெட்டிக்கு மாற்றி, குனிந்து பார்த்தாள்.

"அண்ணா, எல்லா மீனுக்கும் புண் ஒரே எடத்துல இருக்கே. கடைசியா யாரு பிரிச்சது?"

"வேற யாரு? பத்து நாளைக்கு முன்னாடி நான்தான். ஒத்தை ஆளா!"

"எப்படிப் பிடிப்பீங்க, காட்டுங்க. மீனைத் தொடாதீங்க, கண்ணாடிக்கு வெளியில வச்சுக் காட்டுங்க."

இதற்குத்தானே காத்திருந்தேன். சட்டைப் பையிலிருந்து நூல் கையுறையை எடுத்து மாட்டினேன். வழுக்காமல் பிடிக்க நானே கண்டுபிடித்த வழி, என் வேகத்தின் ரகசியமே அதுதான். இடது கையை மீனின் முதுகுக்கு மேல் வைத்து விரித்தேன். இடப்பக்கம் நான்கு விரல். அதற்கு நேராக நான்கு புண். மறுபக்கம் என் கட்டைவிரல் இருந்த இடத்தில் இன்னொன்று. பண்ணையில் இடதுகைக்காரன் நான் ஒருவன்தான்.

என் முகத்தில் ஈயாடவில்லை.

"மீன் மேல இருக்கிற வழவழப்புதான் அதுக்குக் கவசம். இந்த நூல் அதைத் துடைச்சு எடுத்துடுச்சு. அங்கதான் பூஞ்சை பிடிச்சிருக்கு" என்றாள் தாழ்ந்த குரலில்.

முதலாளி அருகில் வந்தார். "என்ன காரணம் மேடம்?"

அவள் என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "என் கிளவுஸ்தான் மொதலாளி. வேகமா பிடிக்கணும்னு நான் பண்ணின கூத்து."

அவர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். "பொழைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"பொழைக்கும். இவரே கூட இருக்கணும்" என்றாள் தங்கை.

அன்று இரை போடவில்லை. மறுநாள் காலை, பூஞ்சையைக் கொல்லக் கல்லுப்பை எடைபோட்டுத் தனித் தொட்டி நீரில் கரைத்து, காற்றுக் குழாயை விட்டாள். முதலில் ஐந்தே மீன். ஏழாம் நிமிடம் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. "எடுங்க!" என்று கத்தினாள். ஐந்தையும் நல்ல தண்ணீருக்கு மாற்றினோம். சாய்ந்தது நிமிர்ந்தபிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அதற்கப்புறம் ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்த மீனையும் விடவில்லை.

நான் வெறுங்கையை நனைத்துக்கொண்டு, முடிச்சில்லாத மெல்லிய வலையில், நீரைவிட்டு வெளியே எடுக்காமல் ஒவ்வொன்றாக மாற்றினேன். "என்ன மின்னலு, கரண்ட் போயிடுச்சா?" என்று கூட வேலை செய்கிறவன் கிண்டலடித்தான். நான் அடுத்த மீனுக்கு வலையை நீட்டினேன்.

ஒன்பது மீன்களுக்குப் புண் எலும்புவரை போயிருந்தது. அவற்றை மயக்க மருந்து கலந்த நீரில் விட்டு, வலி தெரியாமல் போகவிட்டாள். அவற்றைப் புதைத்த குழியிலேயே என் கையுறையையும் போட்டேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

உப்புக் குளியல் இரண்டு நாளுக்கு ஒரு முறை தொடர்ந்தது. மூன்றாம் வாரத்தில் நூற்றுப் பதினோரு மீன்களின் தோலும் பளபளவென்று மூடிவிட்டது. முதலாளி தங்கையைக் கும்பிட்டார். அவளோ, "அண்ணன் கையைப் பாருங்க, உப்புல வெந்துபோயிருக்கு" என்று என் பக்கம் கைகாட்டினாள்.

ஐந்தாம் தொட்டியை நான் பிரித்து நேற்றோடு பத்து நாள் ஆனது. மணிக்கு நூற்றைம்பதுதான் முடிந்திருந்தது. காலையில் தங்கை வந்தாள். இருவரும் கண்ணாடிப் பெட்டி முன்னால் குந்தி, மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இடப்பக்கம் பார்த்தேன். வலப்பக்கம் பார்த்தேன். ஒரு மீனிலும் என் விரல் பட்ட இடம் தெரியவில்லை.

"யாரு பிரிச்சது?" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"வேற யாரு? நான்தான்" என்றேன்.