எரிந்தது மட்டும்

என் கணவர் ரெங்கசாமியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இன்றும் சொல்கிறார்கள். பன்னிரண்டு வருடமாக நானும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் தீயில் செத்தார். பெரிய வெள்ளம் வந்த அந்த டிசம்பரில், இடுப்பளவு தண்ணீருக்கு நடுவே, எங்கள் கடை எரிந்துதான் செத்தார்.

எங்களுடையது செங்கலும் சிமெண்டும் சுண்ணாம்பும் விற்கிற கடை. முன்பக்கம் செங்கல் சுவர். பின்பக்கக் கிடங்கு முழுக்கப் பலகை. பத்துமலைப் பக்கத்துச் சூளையிலிருந்து வரும் சுண்ணாம்பைக் கோணிச் சாக்குகளில் கிடங்கில் அடுக்கிவைப்போம். மற்ற கடைக்காரர்கள் குழியில் தண்ணீர் விட்டு நீற்றி, தணித்து, சேறாக விற்றார்கள். நீற்றிய சுண்ணாம்புக்கு எடை கூடும், வண்டிக் கூலியும் கூடும். கொத்தனார்கள் தங்கள் கண்ணெதிரே நீற்றினால்தான் நம்புவார்கள் என்று இவர் கல்லாகவே விற்றார். வியாபாரம் அதனால்தான் நடந்தது.

சூளைச் சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பது கொத்தனார் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். சீறும், புகையும், தொட முடியாமல் கொதிக்கும். சுற்றிலும் காய்ந்த கோணியும் பலகையும் இருந்தால் பற்றிக்கொள்ளும்.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் ஆறு தெருவுக்குள் வந்தது. நானும் இரண்டு பெண்பிள்ளைகளும் மேட்டுச் சந்தில் இருந்த வாடகை வீட்டில் இருந்தோம். இவர் சுண்ணாம்பு மூட்டைகளை மேலே ஏற்ற ஓடினார். அடி வரிசை ஏற்கெனவே நனைந்துவிட்டிருந்தது. சந்து முனையிலிருந்து பார்த்தேன். கிடங்குக் கூரையிலிருந்து முதலில் வெள்ளைப் புகை வந்தது, பிறகு கறுப்பு, பிறகு நெருப்பு. அதன் பிறகுதான் பலகைச் சுவர் சரிந்து ஆற்றோடு போனது. மூன்றாம் நாள் இவரைக் கண்டெடுத்தார்கள். கைகள் இரண்டும் முழங்கை வரை வெந்திருந்தன. தண்ணீரில் செத்தவருக்குக் கை வேகாது.

எரித்துவிட்டு வந்ததும் கிள்ளானிலிருந்து வந்திருந்த மூத்தார் பக்கிரிசாமி எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர். நான்கு நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு. ஆனால் ஐந்தாம் நாள் சொல்லிவிட்டார்:

"பதினாறு முடிஞ்சதும் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு நீ கிள்ளானுக்கு வந்துடும்மா. கடை நெலத்த பக்கத்துக் கடைச் சீனன்கிட்ட விட்டுறலாம். பொம்பள தனியா சுண்ணாம்பு வித்து என்ன பண்ணப் போற?"

அவர் வீட்டில் ஏற்கெனவே பதினோரு பேர். அவருடைய தங்கை, என் நாத்தனார், விதவையாகி ஏழு வருடமாக அங்கே இருந்தாள். விடியுமுன் எழுந்து பதினோரு பேருக்குத் தண்ணீர் சுமப்பாள். அந்தத் தங்கையின் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கு அந்த வீட்டில் என்ன இடம் என்று யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

கடையைத் திரும்ப எழுப்ப ஒரே வழிதான் இருந்தது. இவர் கடைக்கு எடுத்திருந்த தீ இன்ஷூரன்ஸ் பாலிசி. துக்க வீட்டு மூலையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். மிஷன் பள்ளியில் ஏழாவது வரை இங்கிலீஷ் படித்தவள் நான். ஆனால் அந்த இங்கிலீஷ் வேறு மாதிரி இருந்தது. ஒரு வரியை மூன்று முறை படிக்கவேண்டும். வெள்ளத்தால் வரும் நஷ்டத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று ஓரிடத்தில் இருந்தது. நஷ்டம் நேர்ந்த பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும், தவறினால் எதுவும் கிடையாது என்று வேறோரிடத்தில் இருந்தது.

பதினைந்து நாள். எனக்கோ பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வாசலைத் தாண்டக்கூடாது.

லண்டனில் உட்கார்ந்து எழுதியவனுக்கு எங்கள் கருமாதிக் கணக்குத் தெரிந்திருக்காது. தெரிந்து எழுதினதுபோலத்தான் இருந்தது.

"மாமா, இந்தக் கடுதாசிய மட்டும் கம்பெனி ஆபீஸ்ல குடுத்து, முத்திரை வாங்கிட்டு வந்துடுங்க" என்றேன்.

"எந்தம்பி சாம்பல் இன்னும் ஆறல. அதுக்குள்ள காசு கேட்டு நிக்கச் சொல்றியா?"

"காசு கேக்கல மாமா. கடை எரிஞ்சதுன்னு சொல்றோம்."

"வெள்ளத்துக்கு எவன் குடுப்பான்? கோலாலம்பூரே முங்கிக் கெடக்கு. போம்மா."

கடை வெள்ளத்தில் போனதாக நினைத்தது அவர் மட்டுமில்லை. சந்தில் எல்லோருக்கும் வெள்ளப் பேச்சுதான், ஆனால் நேர்மாறாக. கம்பெனி வெள்ளப் பணம் கொடுக்கிறதாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். எனக்கு எழுதத் தெரியும் என்பதால் துக்கம் கேட்க வந்தவர்கள் மனுவும் கேட்டார்கள். பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா தன் ஆடு இரண்டும் போனதை எழுதச் சொன்னாள்.

"அக்கா, நீங்க பாலிசி எடுத்தீங்களா?"

"அப்படின்னா?"

"வருசா வருசம் பணம் கட்டறது."

"ஆட்டுக்கு யாருடி பணம் கட்டுவா?"

"கட்டலன்னா கெடைக்காதுக்கா. கட்டியிருந்தாலும் தண்ணிக்குக் கெடைக்காது. எங்களது தீக்கு மட்டும்தான்."

"மாசம் பூரா மழ பேயுற ஊர்ல தீக்குப் பணம் கட்டுறவன் உம்புருசன் ஒருத்தனாத்தான் இருப்பான்" என்றாள். செத்த வீட்டில் நான் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான். பிறகு இருவரும் சேர்ந்து அழுதோம்.

தபாலில் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். வெள்ளத்துக்குப் பிறகு தபால் எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. போய்ச் சேர்ந்ததற்கு என்னிடம் சாட்சியும் இருக்காது. பதினாலாம் நாள், திங்கட்கிழமை, பிள்ளைகளை இராஜம்மா அக்காவிடம் விட்டுவிட்டு, கழுத்தில் தாலியோடு சந்தில் இறங்கி நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒருவர் திரும்பி வீட்டுக்குள்ளேயே போய்விட்டார். நான் நிற்கவில்லை. பாதையெங்கும் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

ஆபீஸ் மாடியில் குமாஸ்தா வேலை பார்த்த கிராணியார் கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். பாலிசி எழுத எங்கள் கடைக்கு வந்தவரும் அவர்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"தங்கச்சி, நீங்கள் ஏன் வந்தனீங்கள்? வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"

"இருக்காங்க. அவங்களுக்கு நாள் கணக்குத் தெரியல."

அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டு பட்டியல் வைத்திருந்தேன். ஒன்றில் ஆற்றால் போனது: கல்லாகிப்போன சிமெண்டு தொண்ணூறு மூட்டை, முன்கடைச் சாமான், தராசு. இன்னொன்றில் எரிந்தது: கிடங்கு, சுண்ணாம்பு, மரம், பெயின்ட். முதல் பட்டியலின் அடியில், இதற்கு நான் எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தேன்.

"கேக்காததை ஏன் எழுதினனீங்கள்?"

"கேக்கறது எதுன்னு தெரியறதுக்கு."

முத்திரை குத்தித் தேதி போட்டுக் கொடுத்தார். அது போதும் என்று திரும்பி நடந்தேன். அன்று வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுதப்போவதில்லை. மூத்தார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பதினாறாம் நாள் காரியத்தை நடத்தினார், தாலியை இறக்கினார்கள், அடுத்த மாதக் கடைசியில் லோரியோடு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிள்ளானுக்குப் போனார்.

பதில் பதினேழு நாள் கழித்து வந்தது. வெள்ளத்தால் விளைந்த நஷ்டம் என்பதால் கோரிக்கை தள்ளுபடி. ஆனால் விதவையின் நிலை கருதி, கருணைத் தொகையாக நூறு வெள்ளிப் பணம் தரத் தயார். நஷ்டம் வெள்ளத்தால்தான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும். மறுநாளே போனேன். இம்முறை கம்பெனி மேனேஜரான வெள்ளைக்காரத் துரையின் அறைக்கே விட்டார்கள். கார்த்திகேசு வாசலருகே நின்றார்.

துரை கோபக்காரர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். வெள்ளம் வராவிட்டால் சுண்ணாம்பு நனைந்திருக்காது; நனையாவிட்டால் தீ இல்லை. ஆகவே காரணம் வெள்ளம். வெள்ளம் பாலிசியில் இல்லை.

நான் இங்கிலீஷில் யோசித்து யோசித்துப் பேசினேன். ஒரு பூனை விளக்கைத் தட்டிவிட்டுக் கடை எரிந்தால், பாலிசியில் பூனை இல்லை என்பீர்களா என்று கேட்டேன். கார்த்திகேசு தரையைப் பார்த்தார். பூனை வேறு, வெள்ளம் வேறு, வெள்ளத்தைப் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறோம் என்றார் துரை. அதுவும் சரிதான்.

பாலிசியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தைக் காட்டினேன். கிடங்கில் நீற்றாத சுண்ணாம்பு இருப்பதால் வருடத்துக்குப் பதினோரு வெள்ளி அதிகப்படி என்று அதில் டைப் அடித்திருந்தது.

"சுண்ணாம்பு சும்மா கிடந்தால் எரியுமா?" என்று கேட்டேன்.

எரியாது என்றார்.

"அப்படியானால் எதற்குப் பயந்து பதினோரு வெள்ளி வாங்கினீர்கள்? நனைந்தால் எரியும் என்றுதானே? எங்கே எந்தத் தண்ணீரில் நனைந்தால் எரியலாம் என்று இதில் எழுதவில்லையே. குழாய்த் தண்ணீரா, கூரை ஒழுக்கா, ஆறா? ஆறு தராசைக் கொண்டுபோனது. அதை நான் கேட்கவில்லை. நீங்கள் பயந்தது நடந்தது. நான் கேட்பது அதைத்தான்."

துரை அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு கார்த்திகேசுவிடம், தீ முதலில் வந்ததா, கட்டடம் விழுந்தது முதலா என்பதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "நான் பார்த்தேன். என் சொல்லை மட்டும் நீங்கள் நம்பவேண்டாம். என் கணவரின் உடலைப் பார்த்த டாக்டர் எழுதிய காகிதம் இருக்கிறது. கை வெந்ததை எழுதியிருக்கிறார்." அதை எடுத்து மேசையில் வைத்தேன். கணவரின் வெந்த கையைக் காட்டி வழக்காடுகிறவள் என்று ஊர் சொல்லும். ஆனால் அந்தக் கைகள் எங்கள் சோற்றுக்காக வெந்தவை. அவற்றை மறைத்துவைக்க எனக்கு என்ன வெட்கம்?

சிங்கப்பூரில் இருந்த பெரிய ஆபீஸுக்கு எழுதுவதாகத் துரை சொன்னார். கருணைத் தொகைக்கான காகிதம் மேசையில் அப்படியே கிடந்தது. நான் தொடவில்லை.

சிங்கப்பூர் பதில் வந்ததாக ஆள் அனுப்பிய அன்று, மூத்தார் சொன்னபடி லோரியோடு வந்திருந்தார். ஆபீஸுக்குத் தானும் வருகிறேன் என்று பின்னாலேயே வந்தார். கார்த்திகேசு செக்கையும் ரசீதையும் எடுத்துவைத்தார். எரிந்த பட்டியலில் பெயின்டை மட்டும் கழித்துவிட்டு மற்றதைக் கொடுத்திருந்தார்கள். பெயின்ட் வைத்திருந்ததை நாங்கள் சொல்லவில்லையாம். அது உண்மைதான், நான் வாதாடவில்லை. ஆனால் ரசீதில் மறுபடியும் கருணையால் தருவதாக எழுதியிருந்தது.

"இதுல கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

"போடும்மா. பணம் வருதில்ல?" என்றார் மூத்தார். அவர் பார்வை செக்கை விட்டு நகரவில்லை.

"கருணைன்னா நாளைக்கு எரிஞ்சா கருணை இருக்காது மாமா. தீ நஷ்டம்னு எழுதட்டும்."

கார்த்திகேசு ரசீதை எடுத்துக்கொண்டு துரை அறைக்குள் போனார். கால் மணி நேரம் கழித்து வந்து டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். "உங்கட மனுசன் என்னோட ஒவ்வொரு வெள்ளிக்கும் சண்டை பிடிச்சவர்" என்றார் தலை நிமிராமல். "நீங்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் பிடிக்கிறியள்."

தீயினால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு என்று அடித்திருந்த இடத்தின் கீழே சீதாலெட்சுமி என்று இங்கிலீஷில் எழுதினேன்.

மாடிப்படி இறங்கும்போது மூத்தார் கேட்டார்: "லோரி நிக்குது. சாமான ஏத்தச் சொல்லவா?"

"வேண்டாம் மாமா. அந்த லோரிய பத்துமலைக்கு அனுப்புங்க. வாடகை நான் தரேன்."

"எதுக்கு?"

"சுண்ணாம்புக்கு."

நடுப்படியில் நின்றுவிட்டார். "பொம்பள கடை போட்டு உக்காந்தா ஊரு என்ன பேசும்னு தெரியுமா ஒனக்கு?"

"பேசட்டும் மாமா. ஆறு பாதி ஊர இடிச்சுப் போட்டிருக்கு. வீடு கட்டணும்னா எங்கிட்டதானே வந்து நிக்கணும்."

மூத்தார் கீழே இறங்கிப் போய் லோரிக்காரனிடம் வாடகை பேச ஆரம்பித்தார்.