சனிக்கிழமை வராத சகோதரர்

எங்கள் மேக்கன் ஊரில் பச்சைக் கோட்டுக்காரர்களைத் தெரியாதவர் கிடையாது. கல்லூரி நாளில் சேர்ந்த சகோதரர் சங்கம். தலை நரைத்த பிறகும் சனிக்கிழமை காலை தவறாமல் கூடுவார்கள். கூடி என்ன செய்வார்கள் என்று கேட்காதீர்கள். போன கூட்டத்தின் குறிப்பை வாசிப்பார்கள்.

வருஷா வருஷம், இறந்துபோன ஒரு சகோதரரை ஊருக்கு உழைத்தவர் என்று சொல்லி, அவர் பேரில் ஒரு பிள்ளைக்குப் படிப்புப் பணம் தருவார்கள். இந்தத் தடவை என் எதிர்வீட்டு தாடியஸ் பிக்கெட்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தாடியஸ் பத்தொன்பது வருஷமாகக் கூட்டத்துக்கே போகாதவர். எங்கள் தெருப் பிள்ளை ஒன்று ஆற்றோடு போனதிலிருந்து, சனிக்கிழமை காலையில் நகராட்சி நீச்சல் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார். நான் சொல்லியிருப்பேன், என்னை யார் கேட்டார்கள்?

ஆகவே சங்கம் அச்சடித்த தாளில் அவர் கல்லூரி நடனப் போட்டிகளில் மூன்று முறை அணித்தலைவர், "இளைஞர் தலைமைப் பயிற்சியின் தூண்." அப்படி ஒரு பயிற்சியை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரியாமல் இந்த ஊரில் எது நடக்கும்?

மூலைவீட்டு டியான்ட்ரா விண்ணப்பித்தாள். நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தாயிற்று. இந்தப் பணம் வந்தால்தான் போகலாம். சகோதரரைப் பற்றி எழுதச் சொன்ன இடத்தில், ஏழு வயதில் தாடியஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குளத்தில் அலறியதை அப்படியே எழுதினாள். பரிசு பல் டாக்டர் மகனுக்குப் போயிற்று. அவன் தாடியஸைப் பார்த்ததே இல்லை.

தாடியஸின் மனைவி எர்னஸ்டீன், சங்கத் தலைவர் க்ளியோஃபஸ் ரெய்னியை வீட்டுக்கு வரச்சொன்னாள். பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் கொடுக்கிற சாக்கில் நானும் போய் உட்கார்ந்தேன்.

"அந்தப் பொண்ணுக்கு ஏன் கிடைக்கல?" என்று ஆரம்பித்தாள் எர்னஸ்டீன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா அண்ணி. ஆனா சகோதரரைப் பத்தின கேள்வியில சைபர். வேற யாரையோ நெனச்சு எழுதிட்டா. குளம், நீச்சல்னு... நம்ம தாள்ல அப்படி ஒரு வரியே இல்லயே."

"வாராவாரம் ஈரத் துண்டை நான்ல பிழிஞ்சேன்!"

"சனிக்கிழமையா? அப்போ எங்களுக்குக் கூட்டமாச்சே. யாரு பார்த்திருக்க முடியும்?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வரலை வரலைன்னு பத்தொம்பது வருஷம் எழுதினீங்களே, எங்க போறாருன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"கேட்டோமே! ஜோலி இருக்குன்னாரு. குறிப்புல அப்படியே இருக்கு."

"சரி, இப்ப மாத்துங்க," என்றாள் எர்னஸ்டீன்.

"மார்க்கு குறிப்புல ஏறிடுச்சு அண்ணி. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"அடுத்த வருஷம் வேற ஒருத்தர் செத்திருப்பாருய்யா."

என் பலகாரத்தில் இரண்டு துண்டு தின்றுவிட்டுத்தான் தலைவர் எழுந்தார்.

பரிசு விருந்தில் எர்னஸ்டீன் நன்றி சொல்ல அவர்களே ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார்கள். அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். "என் புருஷன் குளத்துல..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், க்ளியோஃபஸ் சங்கப் பாட்டை எடுத்துவிட்டார். அந்தப் பாட்டு எழும்பினால் எல்லாரும் எழுந்து கைகோக்க வேண்டும், யாரும் பேசக்கூடாது. ஐந்து சரணம். அவள் கையையும் இரண்டு பக்கமும் இரண்டு கிழவர்கள் பிடித்துக்கொண்டார்கள். முடிந்ததும் பொரித்த கோழித் தட்டுகளைத் திறந்துவிட்டார்கள். அதற்கப்புறம் யார் காது கொடுப்பார்கள்?

டியான்ட்ரா படிக்கப் போகவில்லை. வாரநாளில் கடையில் கல்லாவில் நிற்கிறாள். சனிக்கிழமை காலை குளத்தில் தாடியஸ் நின்ற இடத்தில் நிற்கிறாள்.

போன வாரம் குளத்து வேலியோரம் க்ளியோஃபஸின் காரைப் பார்த்தேன். விடுவேனா? கண்ணாடியைத் தட்டினேன்.

"என்ன தலைவரே, இன்னைக்குக் கூட்டம் இல்லியா?"

"பேத்தியைச் சேர்த்திருக்கேன். இந்த நேரத்துல மட்டும்தான் சொல்லிக்கொடுக்கறாளாம்."

உள்ளே அவர் பேத்தி டியான்ட்ராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊரே கேட்க அலறிக்கொண்டிருந்தது.

"அப்போ கூட்டத்துக்கு என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டே சொன்னார்:

"ஜோலி இருக்குன்னேன்."