துட்டிக்குப் போய்த் திரும்பும் வண்டி

மதுரையிலிருந்து பசுவந்தனைக்கு ஒரு காரை வாடகைக்கு அமர்த்தினால், போகும் தொலைவுக்கு மட்டுமன்றி, அக்கார் வெறுமையாய்த் திரும்பும் தொலைவுக்கும் சேர்த்தே பணம் கொடுக்க வேண்டும். மருத்துவமனை வாயிலில் நின்ற மூன்று ஓட்டுநர்களிடம் நந்தகோபால் விசாரித்தான். மூவரும் ஒன்றையே கூறினர்.

"பசுவந்தனையில போயி யாரை ஏத்திக்கிட்டு வர? காத்தைத்தான் ஏத்திட்டு வரணும். ரெண்டு பக்கத்துக் காசும் தந்திருங்க."

அவன் கையில் ஒருவழிக்கு மட்டுமே பணம் இருந்தது. குறைமாதத்தில் பிறந்த அவனுடைய மகன் பத்தொன்பது நாள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு, அன்று காலையில்தான் வெளியே வந்திருந்தான். அதற்காகப் பன்னிரண்டு ஆடுகளை விற்றாயிற்று. குழந்தையைப் பேருந்துக் கூட்டத்துக்குள் கொண்டுபோகலாகாது என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறியிருந்தார். இன்னும் ஒரு நாள் தங்கினால், அறை வாடகைக்கே இருக்கும் பணமும் கரைந்துவிடும்.

ஆகவே அவன் ஒரு வழி கண்டான். கோவில்பட்டி கார் ஸ்டாண்டில் சவாரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் வேல்சாமியைக் கைப்பேசியில் அழைத்தான்.

"அண்ணாச்சி, நம்ம ஊர் வண்டி எதுவும் மதுரையில ஆளை இறக்கிட்டுச் சும்மா வருதா?"

"ஒனக்கு நல்ல நேரம்லே. லிங்கராஜ் வண்டி அங்கனதான் நிக்கு. ஒருவழி வாடகை குடுத்தாப் போதும். வரச் சொல்லுதேன்."

நந்தகோபால் இச்செய்தியைத் தன் அக்காள் சுப்புத்தாயிடம் பெருமையோடு கூறினான். அவள் தன் ஆடுகளை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுப் பத்தொன்பது நாள்களும் மருத்துவமனை வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தவள். குழந்தை இருந்த அறைக்குள் தாயைத் தவிர வேறெவரையும் விடவில்லை. தம்பி மகனை அவள் கதவுக் கண்ணாடி வழியாகவே பார்த்திருந்தாள்.

"ஏட்டி மாரிசெல்வி, கார்ல ஏறினதும் பிள்ளைய எம்மடியில தந்திரணும். ஊர் போய்ச் சேருதமட்டும் நான்தான் வச்சுக்கிடுவேன்."

"பெத்தவ நான் என்ன செய்ய மதினி?"

"நீ இத்தனை நாளா வச்சிருந்தேல்லா? ஜன்னல்ல வேடிக்கை பாத்துக்கிட்டு வா."

பதினொரு மணியளவில் கார் வந்து நின்றது. லிங்கராஜ் இறங்கினார். மாரிசெல்வியின் கையிலிருந்த துணிப்பொதியைக் கண்டதும், கதவைத் திறக்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தம்பி, பச்சப்பிள்ளை இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில ஆள் நிக்காவன்னு மட்டுந்தான் வேல்சாமி சொன்னாரு. நான் காலையில ஒரு துட்டி வீட்டுல ஆளை இறக்கிட்டு வாரேன். உள்ள போகலை, வாசல்லதான் நின்னேன். ஆனாலும் சொல்லாம ஏத்தக்கூடாதுல்லா?"

சாவு நிகழ்ந்த வீட்டிற்குச் சென்ற வண்டியில் அன்றைக்கே பச்சிளங்குழந்தையை ஏற்றுவது அவ்வட்டாரத்தில் எவரும் செய்யாத செயலாகும். வண்டி எங்கே போகிறதென்று கேட்ட நந்தகோபால், அஃது எங்கிருந்து வருகிறதென்று கேட்கத் தவறியிருந்தான்.

"காசு மிச்சம் பிடிச்சேன்னு அந்த ஆட்டம் ஆடினியே. எங்க போயிட்டு வருதுன்னு கேட்டியாலே?" என்றாள் சுப்புத்தாய்.

"எனக்கு எப்படிக்கா தோணும்?"

"ஆடு வாங்கும்போது பல்லைப் பிடிச்சுப் பாக்கத் தோணுதுல்லா?"

லிங்கராஜ் குறுக்கிட்டார். "வண்டியைக் கழுவி, மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டு வாரேன்க்கா. அப்பவும் மனசு ஒப்பலைன்னா சொல்லிருங்க, நான் சும்மாவே போயிருதேன். வருத்தமில்லை."

வருத்தமில்லை என்று அவர் வாய் கூறிற்று. துக்கத்திலிருந்த குடும்பத்தாரிடம் இருவழி வாடகை கேட்க மனம் வராமல் ஒருவழிக்கே வந்திருந்தவர் அவர். வெறுமையாய்த் திரும்பினால் டீசல் செலவு அவர் தலையில்தான் விழும்.

மாரிசெல்வியால் நெடுநேரம் நிற்க இயலவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னும் ஒரு நாள் இங்கனயே இருந்துக்கிடுவோம் மதினி" என்றாள். சொல்லி முடிக்கும் முன்னரே அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

சுப்புத்தாய் அவளையும் துணிப்பொதியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு லிங்கராஜின் பக்கம் திரும்பினாள்.

"துட்டித் தீட்டு முதல்ல ஏறுதவளோட போயிரும்பாவ. நீங்க கழுவிட்டு வாங்க தம்பி. நான் ஏறுதேன். ஆஸ்பத்திரியை ஒரு சுத்துச் சுத்தி என்னை இங்கனயே கொண்டாந்து விடுங்க. பெறகு பிள்ளை ஏறட்டும்."

"அப்ப ஒனக்குக்கா?" என்றான் நந்தகோபால்.

"எனக்கென்ன, ஊருக்குப் போயிக் குளிச்சாப் போச்சு."

அரை மணி நேரத்தில் வண்டி நீர் சொட்ட வந்து நின்றது. சுப்புத்தாய் பின்னிருக்கையின் நடுவில் தனியளாய் அமர்ந்துகொண்டாள். ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரமாயிற்று. சிக்னலில் வண்டி அகப்பட்டுக்கொண்டது.

"கலெக்டர் கணக்கால்லா வாரா" என்று நந்தகோபால் முணுமுணுக்க, மாரிசெல்வி கண்ணீருக்கிடையே சிரித்துவிட்டாள்.

திரும்பிவந்ததும் சுப்புத்தாய் இறங்கி, முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். தம்பியும் அவன் மனைவியும் பின்னால் ஏறினர்.

"மதினி, நீங்க பின்னால வாங்க. மடியில வாங்கிக்கிடுங்க."

"கிறுக்கி, பெறகு எதுக்கு நான் சுத்துனேன்? குளிக்காமத் தொடப்பிடாது. ஒழுங்காப் பிடிச்சுக்கிட்டு இரு."

அவள் எதை விட்டுக்கொடுத்தாள் என்பது அப்போதுதான் மாரிசெல்விக்கு விளங்கிற்று. குழந்தையை அணைத்துக்கொண்டாள்.

சுப்புத்தாய் பின்பக்கம் திரும்பவேயில்லை. தன் மூச்சுக்கூடக் குழந்தைமீது படலாகாது என்பது போல் நேரே பார்த்தபடி அமர்ந்திருந்தாள். விருதுநகரைக் கடந்தபோது குழந்தை அழுதது.

"பசிக்குதா பாரு. முழிச்சிருக்கானா? எந்தப் பக்கம் பாக்கான்?"

லிங்கராஜ் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை மெல்ல அவள் பக்கம் சாய்த்தார். சுருங்கிய சிறு நெற்றியும் திறந்த வாயும் அதில் தெரிந்தன.

"ஒங்களுக்குப் பின்னால வார வண்டி தெரியாண்டாமா தம்பி?"

"வெளிய பக்கத்துக்கு ஒரு கண்ணாடி இருக்குக்கா, போதும். நீங்க பாருங்க."

சாத்தூரும் கோவில்பட்டியும் கடந்து, வெடிப்புவிட்ட கரிசல் நிலங்களுக்கிடையே கார் பசுவந்தனையை அடையும்வரை, அவள் அக்கண்ணாடியைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும் நேரே கொல்லைக்குச் சென்று தலைக்கு நீர் ஊற்றிக்கொண்டாள். மாற்றுடை உடுத்து அவள் வந்தபோது, மாரிசெல்வி வீட்டுக்குள் செல்லாமல் குழந்தையோடு நிழலில் காத்திருந்தாள்.

"ஏட்டி, தலை காயட்டும். பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்."

மாரிசெல்வி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மதினியின் ஈரக் கூந்தலைச் சுற்றி இறுகக் கட்டினாள். பிறகு, "ரெண்டு கையையும் நீட்டுங்க" என்றாள்.