வளைவில் நின்ற ஏழு விமானங்கள்

“தண்டவாளத்தை மூணு விரல்கடை தள்ளுங்க அத்தான். ஓடுபாதைக்கு இடம் பத்தல.”

“தள்ள மாட்டேன். என் ரயில் பதினோரு வருஷமா அங்கே ஓடுது. உன் யுத்தம் போன மாசம்தான் வந்துச்சு.”

“யுத்தம்னா ரயில்தான் ஒதுங்கணும்.”

“ஆமா, நீ பெரிய தளபதி. தையல் மெஷின்ல விரலைக் குத்திக்கிட்டதைத் தவிர உனக்கு என்ன காயம்?”

மாடி ஜன்னல் திறந்திருந்ததால் தெருவுக்கே கேட்டது. நாங்கள் எங்கள் ஜன்னலைச் சாத்தியிருக்கலாம்தான்.

கத்தியவர்களில் ஒருவர் பல் டாக்டர். ஊராரை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, பொம்மை ரயிலுக்கு சிக்னல் விளக்கு எங்கே வைப்பது என்று யோசிப்பவர். மற்றவர் அவர் மனைவியின் தம்பி, தையல்கடைக்காரர். நமக்கு ஒரு சட்டைக்கு மூன்று வாரம் இழுப்பார். மாடியறை மேசையில் ரயிலுக்குப் பக்கத்தில் அமைக்கும் பொம்மை விமான தளத்துக்கு அரிசி அளவில் நூற்று நாற்பது மணல் மூட்டைகளை நாலே நாளில் தைத்து முடித்தார். பல் அச்செடுக்கும் மாவில் கட்டுப்பாட்டுக் கோபுரம், கோட்டு லைனிங்கில் காற்றின் திசை காட்டும் பை, உள்ளங்கை அகலத்தில் ஏழு குண்டுவீச்சு விமானங்கள். போரைப் பார்த்திராத இரண்டு தொப்பைகள் அதைச் சுற்றி மூச்சு வாங்க நடக்கும்.

டாக்டரின் மகள் பிசியோதெரபி படித்தவள். சிகிச்சைக்கூடம் வைக்க அந்த மாடியறையை ஒன்றரை வருஷமாகக் கேட்கிறாள். வேலைக்குப் போன இடத்தில் அடுத்தவர் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று நின்று அவளுக்கு அலுத்துவிட்டது. “மேசையை எங்கேம்மா வைக்கிறது?” என்பார் அப்பா. அத்தோடு பேச்சு முடியும்.

அன்றைய கூச்சலில் அவள் அம்மா மாடியேறி வந்தாள். “ஞாயித்துக்கிழமை உங்க பொம்மை ரயில் சங்கத்து ஆளுங்க வர்றாங்கல்ல? அவங்க முன்னாடி ஒண்ணும் உடையாம ஓட்டிக் காட்டுங்க, அறை உங்களுக்கு. ஏதாவது உடைஞ்சா திங்கக்கிழமையே அவளுக்கு.”

இருவரும் சிரித்தார்கள். கைகூடக் குலுக்கிக்கொண்டார்கள்.

சண்டையும் சமரசமானது. தண்டவாளம் நகராது; விமானங்களை வளைவின் உள்பக்கம், ரயிலுக்குப் பக்கத்திலேயே வரிசையாக நிறுத்தி ஒட்டிவிடுவது. குட்டிச் சரக்கு எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். இறக்கை நுனிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு சட்டைப் பித்தான் நுழைந்தது. “கச்சிதம்,” என்றார் தையல்காரர், இடுப்பளவு எடுத்தவர் மாதிரி.

நீளமான பயணிகள் பெட்டிகளை அவர்கள் தொடவில்லை. அவை விருந்தாளிகளுக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் கிடக்கும். வளைவில் திரும்பும்போது நீளப் பெட்டியின் வயிறு உள்பக்கம் தள்ளிக்கொண்டு வரும் என்பது பதினோரு வருஷம் ரயில் விட்டவருக்குத் தெரியாதா? தெரியும். பெருமையில் மறந்துவிட்டது.

சனிக்கிழமை ஆண்கள் இருவரும் பசை வாங்கப் போன நேரம், மகள் ஒரு நீளப் பெட்டியை எடுத்தாள். தண்டவாளத்தில் வைத்து விரலால் மெல்ல உருட்டினாள். வளைவில் நிறுத்திக் குனிந்து பார்த்தாள். திரும்பப் பஞ்சில் சுற்றி வைத்துவிட்டாள். எதிர்ஜன்னலில் நின்று பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ஞாயிறன்று சங்கத்தார் ஐந்து பேர் வந்தார்கள். சரக்கு எஞ்சின் இரண்டு சுற்று ஓடியது. கைதட்டல். டாக்டர் ஸ்விட்சை அணைக்கப் போனார். தேநீர்த் தட்டோடு மகள் நுழைந்தாள்.

“என்னப்பா, நீளப் பெட்டிங்களை ஓட்டலையா? அதைப் பார்க்கத்தானே வந்திருக்காங்க.”

அவர் முகம் மலர்ந்தது. பஞ்சு பிரிந்தது. ரயில் கம்பீரமாக வளைவுக்குள் வந்தது. முதல் இறக்கை ‘டக்’ என்றது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. எதிரியே இல்லாமல் ஏழும் வரிசையாக உடைந்து விழுந்தன. கடைசி விமானம் கோபுரத்தையும் சாய்த்துக்கொண்டு போனது.

“தடம் புரளல பாருங்க,” என்றார் டாக்டர்.

“உடைஞ்சிடுச்சு அத்தான்,” என்றார் தையல்காரர்.

“திங்கக்கிழமை,” என்றாள் அம்மா.

திங்களன்று மேசை கீழே இறங்கியது. அடுத்த வாரமே பெயர்ப்பலகை ஏறியது. முதல் நோயாளி மாமாதான்; நாள் முழுக்கக் குனிந்து மணல் மூட்டை அடுக்கி வந்த முதுகுவலி. “இனிமே குனியாதீங்க மாமா,” என்றாளாம்.

விமானங்கள் விழுந்த அன்றைக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் மாடிப்படிக்கு ஓடிப்போன சங்கத்து எலக்ட்ரீஷியனை இரண்டு வருஷம் கழித்து அவள் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அங்கே வீட்டின் பெரிய அறை அவள் சிகிச்சைக்கூடம். அவன் ரயில் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது. இங்கே மாடியறை காலியாகத்தான் இருக்கிறது. மேசையைத் திரும்ப ஏற்றலாமா என்று டாக்டர் அடிக்கடி கேட்கிறார். அம்மா அங்கே துணி காயப்போடுகிறாள்.